மூக்கு குத்தி மூழ்க வேண்டிய டைட்டானிக் பக்கவாட்டில் கவிழ்கிறது

கட்டுமரம்:
குளத்தில் மூழ்கடித்துக் காட்ட 1:200 அளவில் டைட்டானிக் மாதிரி ஒன்று செய்திருக்கிறேன். நீளம் 134.5 செ.மீ., அகலம் 14 செ.மீ. பிளாஸ்டிக் உடல், மேல்கட்டு, சர்வோ (ரிமோட்டில் இயங்கும் சிறு மோட்டார்), பேட்டரி எல்லாம் சேர்த்து 2.3 கிலோ. அடியில் 4.2 கிலோ ஈயக் குண்டுகளைக் கொட்டியதும் நீர்மட்டக் கோடு சரியாக உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் 6 மி.மீ. துளை, கூரை நடுவில் 1.5 மி.மீ. காற்றுத்துளை. பின் அறைகளின் தடுப்புகளை மேல்தளம் வரை ஒட்டியிருக்கிறேன்.

சிக்கல் இரண்டு. மூன்றாவது அறை பாதி நிரம்பும்போதே வலப்பக்கம் கவிழப் பார்க்கிறது. கையால் நிமிர்த்திப் பிடித்தாலும் பின்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. ஈயத்தைக் கூட்டணுமா? எத்தனை நிமிடத்தில் மூழ்கினால் நிஜம் மாதிரி இருக்கும்?

ஆழ்கடல்:
ஈயத்தைத் தொடாதீங்க சகோ, எடை சரியாகத்தான் இருக்கு. அசல் கப்பலின் 52,310 டன்னை 80 லட்சத்தால் (200 × 200 × 200) வகுத்தால் 6.5 கிலோ. ஆனால் குண்டுகளைச் சும்மா கொட்டி வைத்தால் சாயும் பக்கம் அவையும் உருளும். எப்பாக்ஸி பிசின் ஊற்றி அடிக்கட்டையோடு உறைய வைங்க.

கவிழ்வதற்கு முக்கியக் காரணம் அறைக்குள் ததும்பும் தண்ணீர். 12 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலத்தில் ஒரு அறை பாதி நிரம்பினால் போதும், கப்பல் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் திறனைக் காட்டும் உயரத்தில் (மெட்டாசென்ட்ரிக் உயரம், இது தீர்ந்தால் கவிழும்) 4 மி.மீ. போய்விடும். முன்பக்கம் ஒடுங்குவதால் உங்களுக்குக் கொஞ்சம் குறையும், ஆனால் ஆறு அறையும் சேர்ந்தால் தாங்காது. அறையின் நடுவில் நெடுக்காக ஒரு சுவர் வைத்தால் 4 மி.மீ. இழப்பு 1 மி.மீ. ஆகிவிடும். அசலில் அப்படிச் சுவர் கிடையாது, சரிதான். வெளியே யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்று மட்டும்: சுவர் வைத்தால் இரண்டு பாதிக்கும் ஒரே அளவில் துளை வேண்டும். வலப்பக்கம் மட்டும் போட்டால் இன்னும் வேகமாகக் கவிழும்.

மேல்பாரத்தையும் குறைங்க. 200 கிராம் பேட்டரியை 7 செ.மீ. கீழே இறக்கினாலே மொத்த ஈர்ப்பு மையம் 2 மி.மீ. இறங்கும். சோதிக்க: தளத்தின் நடுவில் 50 கிராம் எடையை வைத்து, பக்கவாட்டில் 6 செ.மீ. நகர்த்துங்க. சாய்வு 2 டிகிரி அளவில் நின்றால் நல்லது. 4 டிகிரியைத் தாண்டினால் துளையைத் திறக்கவே வேண்டாம்.

நீர்க்குமிழி:
மேலே சொன்னதோடு காற்றையும் பாருங்க. அணியம் (கப்பலின் முன்மூக்கு) தாழத் தாழ ஒவ்வொரு அறையிலும் காற்று கூரையின் பின்மூலையில்தான் போய் ஒதுங்கும். நடுவில் இருக்கும் துளை அதற்குள் தண்ணீரில் மூழ்கிவிடும். துளையைப் பின்தடுப்பை ஒட்டிப் போடணும். 1.5 மி.மீ. துளையைத் தண்ணீர் சவ்வு மாதிரி மூடிக்கொள்ளும். குறைந்தது 3 மி.மீ. வேண்டும், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் இன்னும் நல்லது. பின்பகுதி மிதப்பதும் இதனால்தான். 4.2 கிலோ ஈயத்துக்குத் தண்ணீருக்குள்ளும் ஏறத்தாழ 3.8 கிலோ எடை இருக்கு. அதைத் தூக்கிப் பிடிக்க லிட்டர் கணக்கில் காற்று சிக்கியிருக்கணும்.

பின் தடுப்புகளை மேல்தளம் வரை ஒட்டியது தப்பு. டைட்டானிக்கில் நடுத் தடுப்புகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த ஈ தளம் வரைதான். தண்ணீர் அதன் தலைக்கு மேல் வழிந்து அடுத்த அறைக்குப் போனதால்தான் கப்பலே போனது. நீர்மட்டக் கோட்டுக்கு மேல் 15 மி.மீ. விட்டு மீதியை வெட்டிவிடுங்க.

நேரம்: அசலில் 2 மணி 40 நிமிடம். மாதிரியில் நேரம் அளவின் வர்க்கமூலத்தால் சுருங்கும்; 200-க்கு அது 14.1. வகுத்தால் 11 நிமிடம் சொச்சம். 6 மி.மீ. துளை இதற்கு ரொம்பப் பெரிது. கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங் 1912 விசாரணையில் சேதத்தின் மொத்தப் பரப்பைச் சுமார் 12 சதுர அடி என்று கணக்கிட்டார். உங்கள் அளவில் அது 28 ச.மி.மீ. அதாவது உங்களுடைய ஒரே துளையில் மொத்தக் கப்பலின் சேதமும் அடங்கிவிட்டது! ஆறாகப் பிரித்தால் அறைக்கு 2.4 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. 5 செ.மீ. ஆழத்தில் அதன் வழியே நிமிடத்துக்கு 160 மி.லி. போல உள்ளே வரும். நடுச்சுவர் வைத்தால் பாதிக்கு 1.7 மி.மீ. என்று இரண்டாகப் பிரிங்க.

கட்டுமரம்:
தடுப்புகளை வெட்டிவிடுகிறேன். துளைகளை மூட ஆறு சர்வோ வைக்கணுமா?

ஆழ்கடல்:
வேண்டாம். துளைகளைத் திறந்தே விட்டு, காற்றை அடைங்க. உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் மூடுவது மாதிரிதான், காற்று வெளியேறாவிட்டால் தண்ணீர் ஏறாது. ஒவ்வொரு காற்றுத்துளையிலிருந்தும் மீன்தொட்டி சிலிகோன் குழாயை எடுத்து எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாங்க. ஒரே சர்வோ அதை நசுக்கிப் பிடித்தால் போதும். முனைகளைப் புகைபோக்கிக்குள் ஒளித்துவிடலாம்.

ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். ரிசீவரைப் பின்பகுதியின் உச்சியில் வைங்க. சிக்னல் போனால் குழாய் திறந்தே நிற்கும்படி முன்கூட்டியே செட் பண்ணுங்க. எல்.இ.டி. கால்களுக்கு நகப்பூச்சு அடிக்காவிட்டால் நேர்முனை அரித்துப் போகும். விளக்கை எப்போது அணைப்பது? அசலில் மூழ்குவதற்குச் சுமார் இரண்டு நிமிடம் முன்பு அணைந்தது. உங்களுக்கு அது எட்டு விநாடி.

மேலே எடுக்கும்போது கவனம். உள்ளே லிட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கும். ஒரே இழுப்பில் தூக்கினால் நடுவில் முறிந்துவிடும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, தளத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் வடிய வடிய விரல்கடை விரல்கடையாக ஏற்றுங்க.