சூடான டம்ளர் ஒட்டிக்கொள்கிறது: டைல்ஸ் கோஸ்டருக்கு எந்தப் பளபளப்புப் பூச்சு?

கேள்வி – புள்ளிக்கோலம்

நவராத்திரித் தாம்பூலத்தோடு கொடுக்க 24 கோஸ்டர் செய்ய வேண்டும். 4 அங்குல வெள்ளைச் சுவர் டைல்ஸ், மேலே டிசைன் போட்ட பேப்பர் நாப்கின். மர வேலைக்கான வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து நாப்கினை ஒட்டி, மறுநாள் பளபளப்புக்கான அக்ரிலிக் ஸ்ப்ரே மூன்று கோட் அடித்தேன். மாதிரிக்குச் செய்த நான்கும் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஜூஸ் கிளாஸ் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. சூடான காபியோடு எவர்சில்வர் டம்ளரை வைத்தால் இரண்டே நிமிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. எடுத்தால் வட்டமாகத் தழும்பு, டம்ளர் அடியில் கொஞ்சம் சாயம்.

இன்னும் இரண்டு கோட் அடித்தால் சரியாகுமா, வேறு பூச்சு வாங்க வேண்டுமா? ஸ்ப்ரே கன், கம்ப்ரசர் கிடையாது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டும்.

பதில் – உப்புத்தாள்

கோட் கூட்டினால் ஒட்டுவதும் கூடும். மெத்தையைத் தடிமனாக்கியது போலத்தான் ஆகும்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. நீங்கள் அடித்த ஸ்ப்ரேயில் தின்னர் ஆவியாகிப் போய், பிளாஸ்டிக் மட்டும் படலமாகத் தங்குகிறது. சூடு பட்டால் அது மறுபடி இளகும். வெல்லப்பாகு ஆறிக் கெட்டியானாலும் அடுப்பில் வைத்தால் திரும்ப உருகுகிற மாதிரி. ஹார்டனர் (இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) கலந்து பூசுகிற இரண்டு பாகப் பூச்சு இட்லி மாதிரி. வெந்த இட்லி திரும்ப மாவாகாது. டப்பாவில் 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருக்கிறதா என்று தேடுவதை விட, கூட ஹார்டனர் டப்பா வருகிறதா என்று பாருங்கள்.

எவர்சில்வர் டம்ளரின் தகடு மெல்லியது. உள்ளே காபி 80 டிகிரி இருந்தால் அடியும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும். பீங்கான் கப்புக்கு அடியில் மெல்லிய வளையம் மட்டும்தான் தரையில் படும். அதனால் கப்பை வைத்துப் பார்த்துவிட்டு 'சூடு தாங்குகிறது' என்று முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மேலே எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும், கீழே இருக்கும் வெள்ளைப் பசை 40 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பிக்கும். பசை தடிமனாக இருந்தால் மேல்பூச்சு டம்ளரில் ஒட்டாது, ஆனால் அமுங்கிப் பள்ளம் விழும். ஆகவே பசையை மெல்லிசாக ஒரே ஒரு கோட் தடவுங்கள், அதை முழுசாகக் காயவிடுங்கள். நாப்கினின் அச்சடித்த மேல் தாளை மட்டும் பிரித்து ஒட்டுங்கள். அடியில் இருக்கும் வெள்ளைத் தாள்கள் வேண்டாம்.

பதில் – டிங்கரிங் பட்டறை

உங்கள் தேவைக்குச் சரியானது கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் டூகே பியூ கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து பூசும் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. பானட் வெயிலில் கொதித்தாலும் இளகாமல் நிற்பதற்கென்றே செய்தது. ஸ்ப்ரே கன் இல்லாமல் பிரஷ்ஷிலும் பூசலாம்.

அளவு: 10 செ.மீ. டைலுக்கு ஒரு கோட் 1 மி.லி. சுமார். 24 டைல், மூன்று கோட் என்றால் 72 மி.லி.; பிரஷ்ஷிலும் கப்பிலும் தங்குவதைச் சேர்த்து 100 மி.லி. போதும். கிடைக்கிற சின்ன பேக் வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் டைலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, 320 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். வழவழப்பான கிளேஸ் (டைலின் கண்ணாடி போன்ற மேல்படலம்) மேல் எந்தப் பூச்சுக்கும் பிடிமானம் இல்லை. ஆறு மாதத்தில் ஓரத்திலிருந்து தோல் மாதிரி உரிந்து வரும். தேய்த்த பின் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

நாப்கினை டைலை விட நான்கு பக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஓரத்தில் கிளியர் நேரடியாக டைலில் உட்கார வேண்டும், அதுதான் தண்ணீர் நுழையாமல் பூட்டுவது. தாள் விளிம்பு வரை வந்தால், ஈரத் துணியால் துடைக்கும்போதெல்லாம் தாள் ஓரம் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே வெள்ளையாகப் புகைபோலப் பரவும்.

பசை தடவி நான்கு நாளாவது ஆக வேண்டும், மழைக்காலம் என்றால் ஒரு வாரம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் முதல் சூடான டம்ளரிலேயே கொப்புளம் வரும்.

கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: 2:1, 4:1 இரண்டும் உண்டு. டப்பாவில் உள்ளதையே பின்பற்றுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டக் கூடாது. 30 மி.லி.க்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம், கப்பிலேயே கெட்டியாகிவிடும். மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. திரும்பத் திரும்பத் தடவினால் கோடு விழும். தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி, அடியில் உள்ள தின்னர் வெளியே வரும்போது ஊசிக்குத்து மாதிரி ஓட்டை வரும். மூன்று மெல்லிய கோட் போடுங்கள். அடுத்த கோட்டுக்குள் ஒரு நாள் தாண்டிவிட்டால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். பூச்சு சில இடத்தில் விலகி வட்ட வட்டமாக ஒதுங்கினால் எண்ணெயோ சிலிகானோ பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாளே கையில் எடுக்கலாம். சூடான டம்ளர் வைக்க ஏழு நாள் கழியட்டும்.

இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், மூச்சுக்குழலைப் பாதிக்கும் வேதிப்பொருள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் மொட்டைமாடியில், நைட்ரைல் கையுறை, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கோடு மட்டும். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. பிரஷ்ஷில் பூசுவதால் காற்றில் துளி பரவுவது குறையும், அவ்வளவுதான். இறுகிய பின் ஆபத்து இல்லை.

புள்ளிக்கோலம்

நன்றி அண்ணா. வீட்டில் ஒருவருக்கு வீசிங் உண்டு, அதனால் யோசனையாக இருக்கிறது. எப்பாக்ஸி ரெசின் ஒரு கிட் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் ஹார்டனர் கலப்பதுதானே, அதைப் போடலாமா?

பதில் – உப்புத்தாள்

ஹார்டனர் உண்டு, ஆனாலும் எல்லா ரெசினும் ஒன்றல்ல. கைவினைக் கடையில் கிடைக்கும் சாதாரண ரெசின் பெரும்பாலும் 50 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். ஒட்டி உரியாது, வளையம் பதியும். விவரத்தாளில் 'ஹெச்டிடி' அல்லது 'டிஜி' என்று ஒரு எண் இருக்கும், ரெசின் எத்தனை டிகிரியில் இளகத் தொடங்கும் என்பதைச் சொல்வது. டம்ளருக்கு 80க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி.

போடுவதாக இருந்தால்: 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு டைலுக்கு 20 மி.லி. பிடிக்கும், 24க்கு அரை லிட்டர். விகிதம் கன அளவிலா எடையிலா என்று பார்த்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஹார்டனர் எடை குறைந்தது. கன அளவில் 2:1 என்பது எடையில் 100க்கு 43 சுமார் வரும். சமையலறைத் தராசில் 100க்கு 50 போட்டால் ஹார்டனர் அதிகமாகி, எத்தனை நாள் ஆனாலும் நகம் பதியும். கலந்ததை வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கப்பின் ஓரத்தில் கலக்காமல் தங்குவதுதான் பிசுபிசுப்புத் திட்டாக வருவது. மழை நாளில் மேலே மெழுகு போல வழுவழுப்பு படிந்தால் அது ஆமைன் படலம், ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் அடுத்த கோட் ஊற்றினால் பிரிந்து வரும்.

பதில் – சூளைச்சாம்பல்

வீசிங் இருக்கிற வீட்டுக்கு என்னுடைய யோசனை: மேல்பூச்சே தேவைப்படாத வழிக்குப் போங்கள்.

ஒன்று, மக்கில் போட்டோ அடித்துத் தரும் கடையில் சப்ளிமேஷன் டைல். அதற்கென்று பாலியஸ்டர் பூச்சோடு வரும் டைல் இது. ஹீட் பிரஸ்ஸில் 200 டிகிரி வாக்கில் வைத்துச் சாயத்தை அந்தப் பூச்சுக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள். உங்கள் டிசைனை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும். பளபளப்பும் நீங்கள் கேட்கிற மாதிரியே இருக்கும். சாதாரணச் சுவர் டைலைக் கொடுத்தால் சாயம் பிடிக்காது.

இரண்டு, கையாலேயே வரைய ஆசை என்றால் பெபியோ போர்சலேன் 150, அவனில் சுட்டு இறுக்கும் பீங்கான் பெயின்ட். வெறும் டைலில் வரைந்து 24 மணி நேரம் காயவிட்டு, ஆறிய அவனில் வைத்து, சூடு 150ஐத் தொட்ட பிறகு 35 நிமிடம் கணக்கு. சூடான அவனில் திடீரென்று வைத்தால் டைலில் விரிசல் விழலாம், நிறத்தில் குமிழும் வரும். அவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள்.

எதைச் செய்தாலும், 24ஐயும் தொடும் முன் ஒன்றைச் சோதியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை முக்கால்வாசி ஊற்றி, டம்ளருக்கும் டைலுக்கும் நடுவில் ஒரு துண்டு செய்தித்தாள் வைத்து 10 நிமிடம் விடுங்கள். தாள் தானாக நழுவி வந்தால் தேறியது. மை பதிந்திருந்தாலோ இழை ஒட்டியிருந்தாலோ இன்னும் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அந்தப் பூச்சு டம்ளருக்கு ஆகாது.

கொடுக்கும்போது ஒரு சீட்டில் 'குக்கர், வாணலி வைக்க வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். குக்கர் 120 டிகிரி, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி 200ஐயும் தாண்டும். அந்தச் சூட்டுக்குச் சூளையில் சுட்ட கிளேஸ் மட்டும்தான்.

புள்ளிக்கோலம்

சப்ளிமேஷனுக்கே போகிறேன். ஏற்கெனவே செய்த நான்கையும் என்ன செய்வது?

பதில் – உப்புத்தாள்

வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள், ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டை விட்டு நெம்பினால் தாளும் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். டைல் புதிது போலத் திரும்பக் கிடைக்கும், போர்சலேன் பெயின்ட் பழக வைத்துக்கொள்ளுங்கள்.