ஏர் லாக்கருக்கு 150 பிஎஸ்ஐ வேண்டும் என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு

மன்னை_பட்டறை:
அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஏர் லாக்கரைப் பற்றிக் கொள்ளிடக்கரையான் சென்ற வாரம் வேறொரு இழையில், "ஏர் லாக்கருக்கு 150 பிஎஸ்ஐக்குக் குறைவாகக் காற்றுக் கொடுத்தால் கொள்ளிடத்து மணலில் பூட்டு நழுவும், டேங்கிலிருந்து நேராகக் குழாய் இழுங்கள், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வெட்டிச் செலவு" என்று எழுதியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஓர் இளைஞர், பழைய ஜீப்பின் பின் அச்சுக்கு அப்படியே காற்றைத் திறந்துவிட்டு, அச்சுக் கூட்டின் காற்றுப் போக்கியான பிரீதர் வழியாகக் கியர் ஆயில் வழிய வழிய என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். இதற்கு மேலும் பேசாமல் இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

லாக்கருக்குள் காற்றுக்கு இருப்பது ஒரே ஒரு வேலைதான். அது ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஒரு பல் வளையத்தை நகர்த்துகிறது. இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; அந்தப் பல், சக்கரத்துக்குப் போகும் சைடு கியரை டிஃபரன்ஷியல் கூட்டோடு கோத்துவிடுகிறது. கோத்த பின் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதற்கான முறுக்கு முழுவதையும் தாங்குவது எஃகுப் பல்லே தவிர காற்று அல்ல. காற்றை விட்டால் ஸ்பிரிங் பல்லைத் திரும்பத் தள்ளிவிடும். ஆகவே காற்று அந்த ஸ்பிரிங்கை வென்று, பல்லை முழு ஆழத்துக்கு இறக்கினால் போதும். 100 பிஎஸ்ஐ சுற்றளவில் அது தாராளமாக நடந்துவிடுகிறது. 150 கொடுத்தால் பல் இன்னும் கெட்டியாகிவிடாது; சுற்றுகிற கூடும் சுற்றாத காற்றுக் குழாயும் சந்திக்கும் இடத்தில் இருக்கிற ஓ ரிங் என்ற ரப்பர் வளையம்தான் அந்தக் கூடுதல் அழுத்தத்தைப் பூட்டு போட்டிருக்கும் நேரமெல்லாம் சுமக்கும்.

கொள்ளிடக்கரையான்:
பட்டறைக்காரருக்கு வணக்கம். நான் டிப்பர் ஓட்டி, டிப்பர் வைத்து, டிப்பரிலேயே தலை நரைத்தவன். கனரக வண்டிகளின் டிஃப் லாக் காற்றில்தான் இயங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வண்டிகளில் 8 பார் காற்று நேராகப் போகிறது; எந்த ஓ ரிங்கும் செத்துப்போகவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்கு வடக்கே ஆற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். கோடையில் அந்த மணல் டயரை அச்சு வரைக்கும் விழுங்கும். 100 பிஎஸ்ஐயில் என் ஜீப்பின் பூட்டு விட்டு விட்டுப் பிடித்தது. 150 கொடுத்த நாள் முதல் விடவே இல்லை. கண்ணால் கண்டதை எழுதினேன்.

மன்னை_பட்டறை:
8 பார் என்பது 116 பிஎஸ்ஐ. 150 அல்ல. உங்கள் டிப்பரே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

விட்டு விட்டுப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தேடியதும் அதைத்தான். ஒரே கேள்வி கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்: என்ஜினை நிறுத்தி, லாக்கரைப் போட்டுவிட்டு வண்டியைச் சும்மா விட்டால், உங்கள் கம்பிரசர் தானாக மறுபடி ஓடுகிறதா, இல்லையா? கசிவில்லாத அமைப்பில் கால் மணி நேரம் காத்திருந்தாலும் அது ஓடக் கூடாது. ஓடினால் எங்கோ காற்று போகிறது. காற்று போய் அழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங் பல்லைப் பின்னுக்குத் தள்ளும், பூட்டு விடும், கம்பிரசர் ஏற்றியதும் மறுபடி பிடிக்கும். நீங்கள் 150 கொடுத்தது கசிவை மறைத்ததே தவிர நோயைத் தீர்க்கவில்லை.

குடவாசல்_வயல்:
டிராக்டர் ஓட்டுகிற எவருக்கும் இது புதிதல்ல. சம்பாவுக்குச் சேற்றுழவு செய்யும்போது ஒரு சக்கரம் வழுக்கினால் டிஃப் லாக் பெடலைக் குதிகாலால் மிதிக்கிறோம். எங்கள் கால் பலமா டிராக்டரை இழுக்கிறது? பல் கோத்தபின் காலை எடுத்தாலும், சக்கரத்தில் பாரம் இருக்கும் வரை பூட்டு விடுவதில்லை. பாரம் தளர்ந்த பிறகே கழன்றுகொள்கிறது. இந்த விஷயத்தில் பட்டறை அண்ணன் சொல்வதே சரி. ஆனால் மணலில் இறங்குவதற்கு லாக்கரே தேவையில்லை, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினாலே வண்டி போய்விடும் என்பது என் அனுபவம்.

கொள்ளிடக்கரையான்:
18 பிஎஸ்ஐயில் லாக்கர் எப்படி இயங்கும்? வயலில் இருப்பவர் வயலைப் பற்றி எழுதினால் எல்லோருக்கும் நல்லது.

குடவாசல்_வயல்:
நான் டயர் காற்றைச் சொன்னேன் ஐயா. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கொள்ளிடக்கரையான்:
டயர் காற்றைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. பட்டறைக்காரருக்கு வருகிறேன். டிப்பரில் சிலிண்டர் பெரியது, அதனால் 116 போதும். ஜீப் லாக்கரில் பிஸ்டன் சிறியது. சிறிய பிஸ்டனுக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மேலும் முன்னால் இருக்கும் கம்பிரசரிலிருந்து பின் அச்சு வரை அவ்வளவு நீளக் குழாய் போகிறது. நீளத்தில் அழுத்தம் குறையாதா? 150 கிளம்பினால்தான் அங்கே 100 போய்ச் சேரும்.

மன்னை_பட்டறை:
பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் படிப்போம். பிஸ்டன் சிறியது என்றால் அது எதிர்க்கிற ஸ்பிரிங்கும் சிறியது. செய்தவர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் செய்திருக்கிறார்கள். குழாய் நீளத்தைப் பற்றிச் சொன்னதோ அதைவிடப் பெரிய தவறு. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே குழாயில் அழுத்தம் குறையும். லாக்கரின் குழாய் மூடிய குழாய். பிஸ்டன் நகர்ந்து நின்றதும் ஓட்டம் நின்றுவிடுகிறது, ஓட்டம் நின்றதும் இந்த முனையில் என்ன அழுத்தமோ அந்த முனையிலும் அதுவே. குழாய் நீளமாக இருந்தால் பூட்டு விழக் கண நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்த முனையில் உண்மையாகவே அழுத்தம் குறைந்திருக்கிறது என்றால் காற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது கசிகிறது. சுற்றிச் சுற்றி என் கேள்விக்கே வந்து நிற்கிறீர்கள். கம்பிரசர் ஓடுகிறதா, இல்லையா?

அழுத்தம்தான் பூட்டைத் தாங்குகிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் ஃபோர்ஸ் கூர்க்காவைப் போய்ப் பாருங்கள். முன் அச்சிலும் பின் அச்சிலும் ஆலையிலிருந்தே பூட்டு வருகிறது. அதைப் போடுவது ஓட்டுநரின் கை. 2020-இல் வந்த மகிந்திரா தார் ஜீப்பின் சில வகைகளில் பின் அச்சு, சக்கரங்களின் வேகம் வேறுபட்டதும் தானே பூட்டிக்கொள்கிறது. இரண்டிலும் ஒரு பிஎஸ்ஐ காற்றுகூடக் கிடையாது. அவை மணலில் நழுவுகின்றனவா?

வேதை_உப்பளம்:
அழுத்தச் சண்டையை நிறுத்திவிட்டு, எங்கள் பகுதியில் லாக்கர் உண்மையில் எதனால் கெடுகிறது என்று யாராவது பேசுங்கள். அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்புக் காற்றில், லாக்கருக்குக் காற்றைத் திறந்துவிடும் மின் வால்வான சொலினாய்டின் கனெக்டர் பச்சைப் பூத்துப் போகிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, பூட்டு விழுவதில்லை. கஜா அடித்த 2018 நவம்பரில் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தபோது, வயலோரம் இறங்கிச் சுற்றிப் போவதற்கு லாக்கர் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் என் வண்டியில் அதுதான் நடந்தது. கம்பிரசரையும் சொலினாய்டையும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்து மூடுவதே கடற்கரைக்கு ஏற்றது.

மன்னை_பட்டறை:
இருக்கைக்கு அடியில் வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையில் ஓடும்போது தண்ணீர் முதலில் நிற்கிற இடம் வண்டியின் தளம்தான். என்ஜின் அறையில், அதையும் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் மேல் பகுதியில், சைலன்சர் குழாயின் சூட்டுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கனெக்டருக்குள் கிரீஸ் அடைத்து விட வேண்டும். காற்றுக் குழாயையும் சூட்டிலிருந்து விலக்கியே கட்டுங்கள். அச்சு முழுவதும் கீழே தொங்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும் விடுங்கள். நைலான் குழாயைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டாமல் கூரிய கத்தியால் நேராக வெட்ட வேண்டும். பாதிக் கசிவு சாய்ந்து வெட்டிய முனையில்தான் தொடங்குகிறது.

பிரீதரையும் சொல்லிவிடுகிறேன். ஓடிச் சூடான அச்சுக் கூடு தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, பிரீதர் தாழ்ந்திருந்தால் அது தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது, கியர் ஆயில் வெள்ளையாகக் கலங்கிப் போகிறது. ஆகவே பிரீதருக்குக் குழாய் போட்டு என்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றுங்கள். லாக்கர் ஓ ரிங் கசிந்தால் காற்று அச்சுக் கூட்டுக்குள் புகுந்து ஆயிலை வெளியேற்றும் வழியும் அதே பிரீதர்தான். லாக்கர் போட்டவுடன் பிரீதரில் ஆயில் வந்தால் உள்ளே ஓ ரிங் போய்விட்டது என்று பொருள். அந்த இளைஞருக்கு நடந்தது இதுதான்.

வேதை_உப்பளம்:
மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரை வண்டிக்குச் சட்டம் போடாதீர்கள். என்ஜின் அறையில் வைத்த கம்பிரசரின் உடல் பகுதியை உப்பு தின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் தளத்தில் இதுவரை தண்ணீர் ஏறியதில்லை.

மன்னை_பட்டறை:
ஏறும்போது என் பேச்சு நினைவுக்கு வரும்.

கொள்ளிடக்கரையான்:
பார்த்தீர்களா, இவருக்கு எல்லோரோடும் சண்டை. முன்பு ஒரு முறை, அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் விஷயத்திலும் என்னை இப்படித்தான் பேசினார். அந்த இளைஞரின் ஓ ரிங் போனதற்கு 150 பிஎஸ்ஐதான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? மாட்டியவன் ஓ ரிங்கைக் காய்ந்தபடியே திணித்திருக்கலாம். பழைய கூட்டைக் கழுவாமல், இரும்புத் தூளோடு மூடியிருக்கலாம். கீறிய ஓ ரிங் 80 பிஎஸ்ஐயிலும் கசியும்.

மன்னை_பட்டறை:
கிரவுன் பினியனை நீங்கள் எடுத்ததால் நானும் பேசுகிறேன். அன்று நீங்கள், "லாக்கர் கூட்டை மாட்டும்போது இடைவெளியைச் சரிசெய்யும் பழைய ஷிம் தகட்டையே போட்டால் போதும், பற்களுக்கு நடுவிலுள்ள தளர்வான பேக்லாஷ் பார்க்கத் தேவையில்லை" என்று எழுதினீர்கள். கூடு மாறினால் கிரவுன் உட்காரும் இடமும் மாறும். டயல் கேஜ் வைத்து, அந்த அச்சுக்கு உரிய அளவுக்கு, பெரும்பாலான அச்சுகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள், பேக்லாஷைக் கொண்டுவந்து, பல்லில் நிறம் பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்காமல் மூடுவது குற்றம். அதைத்தான் அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஓ ரிங்கைப் பற்றி: அதற்குக் கியர் ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும், கூட்டைக் கழுவித்தான் மூட வேண்டும். இரண்டும் சரி. ஆனால் கழற்றிப் பார்த்தவன் நான். அந்த ஓ ரிங்கில் கீறல் இல்லை; ஒரு பக்கமாகப் பிதுங்கி, இடைவெளிக்குள் நசுங்கி, விளிம்பு அறுந்திருந்தது. ரப்பர் தாங்குவதைவிட அழுத்தம் மிகுந்தால் அது அப்படி இடைவெளிக்குள் பிதுங்கும். 150 பிஎஸ்ஐ.

திருவையாறு_ஜீப்:
இந்த விவாதத்திலிருந்து நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. இரண்டு சந்தேகங்கள். என்னிடம் டயருக்குக் காற்றடிக்க டேங்கும் 150-இல் நிற்கும் கம்பிரசரும் இருக்கின்றன, அவற்றையே வைத்துக்கொள்ளலாமா? முன் அச்சிலும் லாக்கர் போட்டால் எதை முதலில் பூட்ட வேண்டும்?

மன்னை_பட்டறை:
தம்பி, அதே கம்பிரசரையும் டேங்கையும் வைத்துக்கொள்ளலாம். டேங்குக்கும் சொலினாய்டுக்கும் நடுவில் ஒரு ரெகுலேட்டரைப் போட்டு, லாக்கர் செய்தவர்களின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். கையேடு தொலைந்திருந்தால் 100-ஐத் தாண்டாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும்; வடிகால் திருகைத் திறந்து அடிக்கடி இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் அது சொலினாய்டுக்குப் போகும்.

பின் அச்சை முதலில் பூட்டுங்கள். வயரிங்கிலேயே, பின் சுவிட்ச் போட்ட பிறகுதான் முன் சுவிட்சுக்கு மின்சாரம் வரும்படி இணைப்பது நல்லது. முன் அச்சு பூட்டியிருக்கும்போது ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். முழுவதும் ஒடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆக்சில் ஜாயின்ட் முறியும். தார்ச் சாலைக்கு ஏறுவதற்கு முன் இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

கொள்ளிடக்கரையான்:
இதிலும் தவறான பாடம். பின்னோக்கி ஆற்றுக் கரை ஏறும்போது இழுப்பு முன் சக்கரத்தில்தான் வேண்டும், பின் பகுதி திரும்புவதற்குச் சுதந்திரமாக இருக்க வேண்டும். முன் சுவிட்சைத் தனியாகவே இணையுங்கள் தம்பி. நூறு பிஎஸ்ஐ கட்சிக்காரர்கள் கரையில் நின்று பேசுகிறவர்கள். ஆற்றுக்குள் இறங்கித் திரும்பி வருகிறவன் நான்.

மன்னை_பட்டறை:
பின்னோக்கி மேடு ஏறும்போது பாரம் முன் சக்கரத்தில் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு நிலைக்காக எல்லா நேரமும் முன் சுவிட்சைத் தனியாக விட்டால், தவறிக் கை பட்டு வரப்புத் திருப்பத்தில் முன் அச்சு மட்டும் பூட்டிக்கொண்ட வண்டி நேராக வாய்க்காலுக்குள்தான் போகும். எங்கள் பக்கத்து வயல்வெளிச் சாலைகளில் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு வண்டி அகலம். கொள்ளிடத்தின் அகலத்தை வைத்துக்கொண்டு டெல்டா முழுவதற்கும் சட்டம் எழுதாதீர்கள். கம்பிரசர் ஓடுகிறதா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கொள்ளிடக்கரையான்:
என் கம்பிரசர் ஓடுவதும் ஓடாததும் என் சொந்த விஷயம். மணலில் என் பூட்டு விடுவதில்லை. 150.

குடவாசல்_வயல்:
டயரை 18-க்கு இறக்கிப் பார்த்துவிட்டு அதையும் எழுதுங்கள்.

மன்னை_பட்டறை:
திருவையாறு தம்பி, வண்டியை இங்கே கொண்டுவாருங்கள். மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்து, குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டுகிறேன். அதே சோப்புத் தண்ணீரைக் கொள்ளிடக்கரையானின் வண்டியிலும் அடிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அவர் எந்த நாளைச் சொன்னாலும் திருக்காட்டுப்பள்ளிக்கே வருகிறேன்.

கொள்ளிடக்கரையான்:
வாருங்கள். ஆற்றுக்குள் உங்கள் வண்டியையும் இறக்குவதானால் மட்டும் வாருங்கள்.