மட்டக்களப்பு, அம்பாறைல ஸ்டார்ட்அப் தொடங்கின ஆக்கள் உங்கட அனுபவத்த சொல்லுங்க, முதல்ல என்ட

நான் கல்லடி. 2020 ஊரடங்கு நேரம் நானும் கூட்டாளி ஒராளும் வீட்டுக்குள்ள இரிந்து வெட்டுமெசின் புக் பண்ணுற ஆப் ஒண்டு செஞ்சம். ஐடியா என்னண்டா வேளாம வெட்டுற நேரம் விவசாயி மெசின் தேடி அலையுறாரு, மெசின்காரருக்கு எந்த வயல் வட்டையில வேல இரிக்கெண்டு தெரியா, ரெண்டு பேரையும் போன்ல சேத்து விட்டா சரிதானே எண்டு. ஆறு மாசத்துக்கு மேல ராப்பகலா கோட் எழுதி 2021 பெரும்போக வெட்டுக்கு விட்டம். 140 டவுன்லோட், அதுல முக்காவாசி எங்கட கூட்டாளிமார். புக்கிங் வந்தது மூணு.

மறுகாதான் வலையிறவுப் பாலத்தால வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போய் வவுணதீவுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில நாலு நாள் இரிந்தன். அங்க மெசின் புடிச்சுக் குடுக்கிற தரகர் ஒராள், வயசானவர், என்னக் கூப்பிட்டு "மனே இஞ்ச வா, இதப் பாரு" எண்டு சீஆர் கொப்பி ஒண்ட விரிச்சுக் காட்டினார். பேர், எத்தின ஏக்கர், எந்த மெசின், எந்த வரம்பால மெசின் இறங்கலாம், எந்தத் துண்டு சேறு எண்டு எல்லாம் பேனையால எழுதிக் கிடக்கு. கடைசிக் கோட்டுக்கு அங்கால எல்லாப் பேருக்கும் நேர ஒரே வசனம்தான், "நெல்லு வித்தாப் பொறகு". வெட்டுற அண்டு விவசாயிட கையில காசில்ல, நெல்லு வித்தாத்தான் மெசின் கூலி, அதுவரைக்கும் மெசின்காரருக்குப் பொறுப்பு நிக்கிறது இந்த மனிசன். நாங்க இவர வெறும் தகவல் சொல்லுற ஆள் எண்டு நெனச்சு இவர் இல்லாமலே செய்யலாம் எண்டுதான் ஆப்பக் கட்டியிருந்தம். கடன் எண்ட கட்டமே எங்கட ஆப்புல இல்ல. அந்தக் கொப்பியப் பாத்த உடன எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு, இத ஆறு மாசத்துக்கு முதல் பாத்திருந்தா எவ்வளவு நாள் மிஞ்சியிருக்கும்.

அந்த சிறுபோகத்துக்கு ஆப்ப மூடிட்டு அந்த ஐயாவையே கூட்டுச் சேத்து 11 விவசாயிகளுக்கு கையாலதான் செஞ்சம். வாட்சப்ல குரல் மெசேஜ் வரும், நான் கொப்பில எழுதி மெசின்காரருக்கு கோல் எடுப்பன். எங்கட ஆக்கள் டைப் பண்ண மாட்டாங்க, பேசுவாங்க, அதயும் அப்பதான் கண்டன். அடுத்த பெரும்போகத்துக்கு அதுல 9 பேர் அவங்களாவே கோல் எடுத்தாங்க. அதுக்குப் பொறகுதான் திரும்ப கோட் எழுதினது, இந்த முற விவசாயிக்கில்ல, தரகருக்கு. யாரு எவ்வளவு குடுக்க இரிக்கு, எண்டைக்குக் கேக்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்டு, டொலர். 2022 மார்ச் 7 டொலர் விலையப் புடிச்சு வெச்சிருக்காம விட்டாங்கதானே, அதுக்கு முதல் எங்கட சேர்வர் பில் 70 டொலர், ஏறக்குறைய 14,000 ரூபா. மே மாசம் அதே 70 டொலருக்கு 25,000 கட்டின. வருமானம் ரூபாயில, செலவு டொலரில. உள்ள போய்ப் பாத்தா டவுன்லோட் கூடும் எண்டு நெனச்சு எடுத்த பெரிய சேர்வர் பாதி சும்மா கிடக்கு, அத 12 டொலருக்கு இறக்கினன். தொடங்குற ஆக்கள் சேர்வரச் சின்னனா எடுங்க, கூட்டுறது அஞ்சு நிமிச வேல.

மறுமொழி, மருதமுனையில இருந்து

காக்கா, எங்கட ஊர் கைத்தறிக்காரருக்கு நான் கணக்கு சொப்ட்வெயார் செஞ்சனான். முதல்ல ஃப்ரீயாக் குடுத்த. 20 பேரும் "நல்லா இரிக்கு தங்கச்சி" எண்டு சொன்னாங்க, ஒருத்தரும் கணக்குப் போடல்ல. மாசம் 1,500 எண்டு சொன்ன உடன 16 பேர் விட்டுட்டுப் போய்ட்டாங்க, 4 பேர் சல்லி தந்தாங்க. அந்த 4 பேரும்தான் பிழ வந்தா ராவு பத்து மணிக்கும் கோல் எடுப்பாங்க. அதுல ஒராள் ஏசிப்போட்டு சொன்னார், லாபநட்டம் பக்கம் தனக்குத் தேவையில்ல, நெசவுக்குக் குடுத்த நூல் எவ்வளவு, திரும்பி வந்த சாரன் எத்தின, அது ஒரே இடத்துல தெரியணும் எண்டு. இப்ப அதுதான் முதல் பக்கம். நல்லா இரிக்கு எண்டு சொல்லுறத நம்பி ஒரு வருசம் போச்சு எனக்கு, அதால சல்லி கேக்க வெக்கப்படாதீங்க, தயவு செஞ்சு.

மறுமொழி, அக்கரைப்பற்றில இருந்து

பங்கு விசயத்த ஒருத்தரும் சொல்லல்ல. நாங்க ரெண்டு பேர், 50க்கு 50, வாய்ப் பேச்சுல நம்பிக்க, கொம்பனி பதிஞ்சு எட்டாம் மாசம் அவன் கட்டார் போய்ட்டான். கோவம் இல்ல, குடும்பக் கஷ்டம். ஆனா பங்கு அவன்ட பேர்லதான். 2007ம் ஆண்டு 7ம் இலக்க கம்பனிச் சட்டத்துல விசேட தீர்மானத்துக்கு 75% வேணும், அவன் ஓம் எண்டாம ஒண்டும் மாத்த ஏலா. பங்கு 4 வருசத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சேரும், முதல் வருசம் முடிய முதல் போனா ஒண்டும் இல்ல எண்டு எழுதி வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி. சிநேகம் நல்லா இரிக்கிற நேரமே எழுதுங்க, மறுகா கேட்டா சந்தேகப்படுற மாதிரிப் போயிடும்.

மறுமொழி, வந்தாறுமூலை கெம்பஸ்ல இருந்து

அண்ண, நாங்க மூணு பேர் குளத்துத் தண்ணி மட்டம் போன்ல காட்டுற சென்சர் செய்றம். கடைசி வருசம். போட்டிக்கு அனுப்பவா, விவசாயிகளுக்கு விக்கவா?

கல்லடி

தம்பி, ரெண்டையும் ஒரு மாசம் தள்ளி வையுங்க. பெரும்போகம் தொடங்க முதல் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வைப்பாங்க, நீர்ப்பாசன இஞ்சினியர், விவசாய அமைப்பு, வயலுக்குத் தண்ணி பாக்கிற வட்டவிதானைமார் எல்லாரும் ஒரே இடத்துல இரிப்பாங்க. சென்சர கொண்டு போகாதீங்க, கொப்பி மட்டும். இப்ப வான்கதவு திறக்கப் போறத எப்பிடித் தெரிஞ்சுக்கிறீங்க, போன வருசம் தெரியாமப் போய் என்ன நடந்த எண்டு மட்டும் கேளுங்க. உன்னிச்சைப் பக்கத்துக் கூட்டத்துக்கு நான் போவன், வாறெண்டா சொல்லுங்க, மோட்டார்சைக்கிள்ல ஒராளுக்கு இடம் இரிக்கு.