பெரிய வியாழனன்று கழுவிய பாதங்களும் மறுநிமிடத்து அதட்டலும்

கேள்வி:
எங்கள் சபையில் பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தைய நாள்) ஆராதனையில் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்த மூப்பர் ஒருவர், வெளியே வந்ததும், வாசற்படியில் தண்ணீர் சிந்திக் கிடந்ததற்காக, ஆலயத்தைப் பெருக்கும் வயதான அம்மாவை ஒருமையில் அதட்டினார். துண்டு இன்னும் அவர் தோளில்தான் கிடந்தது. நானும் வாய் திறக்கவில்லை. தாழ்மை சடங்கோடு முடிந்துவிடுகிறதா?

பதில் 1:
வேதாகமத்தில் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் வேலையாளின் பணி. அதை இயேசு பந்தியிலிருந்து எழுந்து தம் சீடர்களுக்குத் தாமே செய்தபோது, காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அங்கே இருந்தான். அந்த அம்மா அன்றாடம் செய்வதும் அதே வகைப் பணிதான் என்று மூப்பரிடம் சொல்லலாம். (நானாக இருந்தால் தனியாகத்தான் சொல்வேன்; சபை நடுவே சொன்னால் அதுவும் ஒரு பெருமையாகிவிடும்.)

பதில் 2:
சடங்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே சடங்கை உரோமையின் இளையோர் சிறைக்குக் கொண்டு சென்று, பெண்களும் இஸ்லாமியரும் அடங்கிய 12 பேரின் பாதங்களைக் கழுவினார். 2016-இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கத்தோலிக்க வழிபாட்டு விதியே திருத்தப்பட்டது. யாருடைய பாதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மூப்பரிடம் இன்னும் பேசவில்லை. ஞாயிறன்று அந்த அம்மாவிடம், "அன்றைக்கு நான் சும்மா நின்றுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர், "அது கிடக்கட்டும் தம்பி, அந்த வாளியைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்றார்.