அடுத்த ஜேம்ஸ் பாண்ட் எப்படி இருக்க வேண்டும்? உங்கள் யோசனை தேவை

நண்பர்களே, எங்கள் திரைப்படக் கழகத்தில் இந்த மாதம் நான்தான் பேச வேண்டும். விஷயம், இனி வரப்போகும் ஜேம்ஸ் பாண்ட். பேச்சு பாதியில் நிற்கிறது, கொஞ்சம் கைகொடுங்கள்.

2005-ல் புதிய பாண்டாக நடிகர் டேனியல் கிரெய்க் பெயரை அறிவித்தபோது, முடி பொன்னிறம், உயரம் போதாது என்று ரசிகர்கள் சிலர் கொதித்தார்கள். அடுத்த வருடம் 'கேசினோ ராயல்' வந்ததும் பெரும்பாலும் கப்சிப். அதில் அவருக்கு அடி விழுந்தால் வலிக்கிறது, ரத்தம் வருகிறது, காதலில் ஏமாந்தும் போகிறார். முன்பு பாண்டாக நடித்த ரோஜர் மூரின் கோட்டு கசங்காத பாணி இனி எடுபடாது என்பது என் கட்சி. (அப்பா கேட்டால் சண்டைக்கு வருவார்.)

என் சிக்கல் இதுதான்: முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் பெருகிவிட்ட காலத்தில், உளவாளி ஆளை அசத்தும் அழகனாக இருக்கலாமா? கூட்டத்தில் கரைந்துபோகும் முகம்தானே பொருத்தம்? ஆனால் அப்படி ஒருவரை டிக்கெட் வாங்கி யார் பார்ப்பார்கள்? பெண்களிடம் பழகும் விதமும் மாறியாக வேண்டும். சரி, எந்த அளவுக்கு? மார்ட்டினி மது, நக்கல் பேச்சு, சூதாட்ட மேசை, இதில் எதை எடுத்துவிட்டால் அவர் பாண்டே இல்லை என்பீர்கள்?

பழைய படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.