[கலைச்சொல்] பேச்சுப் பயிற்றுநர் மதிப்பீடு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நியூ ஜெர்சியிலிருந்து, செவ்வாய் இரவு

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர்களின் வேலையை ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு, பெற்றோர் நிரப்பும் ஒரு பக்கக் கேள்வித்தாள். இந்த ஆண்டு தமிழிலும் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக என் தலையில் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

கேள்விகளில் சிக்கல் இல்லை. பிள்ளையின் இலக்குகளை உங்களுக்குப் புரியும்படி சொன்னாரா, கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கேட்டாரா, அவ்வளவுதான். முட்டுவது தலைப்பில்: ஸ்பீச்-லாங்வேஜ் பத்தாலஜிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இவேல்யுவேஷன். அகராதியைப் பார்த்து "பேச்சு-மொழி நோயியலாளர் செயல்திறன் மதிப்பீடு" என்று போட்டு, அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் மகன் இரண்டாம் வகுப்பு, வாரம் இரண்டு முறை பயிற்சிக்குப் போகிறான். "பிள்ளைக்கு நோய்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டார்.

நோயியலாளரைத் தூக்கிவிட்டு "பேச்சு மொழிப் பயிற்றுநர் மதிப்பீடு" ஆக்கினேன். இந்த முறை அவர் பயப்படவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் "ஆர் இன்னும் வரலை, எஸ் பரவாயில்லை" என்று எழுதிக் கொடுத்தார். பயிற்றுநர் தன் மகனைப் பற்றிப் போட்ட மதிப்பீடு என்று நினைத்துவிட்டார்!

என்ன போடலாம்?

மதுரையிலிருந்து, புதன் காலை

அன்புடையீர், அந்த அம்மையார் மேல் பிழை இல்லை. தொல்காப்பியம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: தடுமாறு தொழிற்பெயர். உரைகாரர்கள் காட்டும் 'புலி கொல் யானை'யை நினைத்துப் பாருங்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் அங்கே மயங்கி நிற்கின்றன. அதே போல, பயிற்றுநர் மதிப்பீடு என்பது பயிற்றுநரை மதிப்பிடுவதா, பயிற்றுநர் மதிப்பிடுவதா? புலி கொல் யானை ஓடியது என்றால் செத்தது புலி. அதன் தந்தம் சந்தைக்கு வந்தது என்றால் செத்தது யானை. உங்கள் தலைப்புக்குப் பின்னால் ஓடவும் ஒன்றும் இல்லை, தந்தமும் இல்லை.

நோயியலாளர் அறவே ஆகாது. சொல்வன்மை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் 'நாநலம்' தந்திருக்கிறார். நாநலர் என்று ஆக்கலாமே. பெண்பால் வேண்டுமானால் நாநலத்தி.

சென்னையிலிருந்து, புதன் காலை

ஐயா, நாநலத்தி என்றால் அந்த அக்கா மறுபடியும் பயப்படுவார். எல்லா வீட்டிலும் ஸ்பீச் தெரபிஸ்ட் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கோவையிலிருந்து, புதன் பகல்

தெரபிஸ்ட் என்று போடுவதற்கு ஒரு குழு எதற்கு? இன்னொன்று, யாரும் கவனிக்கவில்லை: மதிப்பீட்டில் இருக்கும் 'மதி' வடமொழி மதியா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. பாதுகாப்பாகத் 'திறங்காண்பு' என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்றுநர் திறங்காண்பு. திறத்தைக் காண்பது, அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து, புதன் பகல்

மதித்தல் அளத்தல். நிலவைக் கொண்டு நாளை அளந்ததால் நிலவு மதி ஆயிற்று. அளவு பார்த்து மேலே போகாதபடி வைத்த சுவர் மதில். இது என் கருத்துதான், ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். மேலும், பணியாற்றியவரை மதிப்பிடுவது நமக்குப் புதிதா? உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபையின் வாரியத்தில் உறுப்பினனாக இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமா விலக்கினார்கள், அவன் உறவினரையும் சேர்த்தல்லவா விலக்கினார்கள். அந்த 'வாரியம்' என்ற சொல்லின் வேரைப் பற்றி...

மட்டுறுத்துநர், புதன் பகல்

வாரியத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. மதிலையும் அங்கேயே கொண்டுபோங்கள்.

டல்லாஸிலிருந்து, புதன் மாலை

தம்பி, மதிப்பிடப்படுகிற ஆளே இந்தக் குழுவில் ஒருத்தி இருக்கிறேன், கேட்டிருக்கலாம். 11 வருடமாக அமெரிக்கப் பள்ளிகளில் இதே வேலை.

இந்தப் பெயர்ச் சண்டை ஆங்கிலத்திலேயே தீரவில்லை. பிரிட்டனில் எங்களைத் தெரபிஸ்ட் என்கிறார்கள், இங்கே பத்தாலஜிஸ்ட். எங்கள் தொழில்முறை அமைப்பு ஆஷா, அதாவது அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம். அந்தப் பெயருக்குள் 'மொழி' நுழைந்ததே 1978-ல்தான். நுழைந்த பிறகும் சுருக்கப் பெயரில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. (இந்தியாவில் ஆஷா என்றால் கிராமச் சுகாதாரப் பணியாளர். நான் அந்த வேலைக்குத்தான் போகிறேன் என்று என் மாமியார் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.)

சொல்லை விடுங்கள், எதை மதிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2009-ல் ஒபாமா அரசு 435 கோடி டாலருக்கு 'ரேஸ் டு த டாப்' என்ற மானியப் போட்டியை அறிவித்தது. மாணவர்களின் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டோடு சேர்க்கும் மாநிலங்களுக்கு அதில் புள்ளி கூடும். மாநிலங்கள் விழுந்தடித்துக்கொண்டு செய்தன. ஆசிரியருக்குத் தைத்த சட்டையை எங்களுக்கும் மாட்டிவிட்டார்கள். நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில், பள்ளி முழுவதின் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணும் என் மதிப்பீட்டில் ஒரு பங்கு. கணக்கு எனக்கே வராது.

அங்கே ஒரு நாள் தலைமையாசிரியர் ஆசிரியருக்கான படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். என் வகுப்பு என்பது பழைய சாமான் அறை. ஒரு அரைவட்ட மேசை, மூன்று பையன்கள், ஒரு கைக்கண்ணாடி. ஒருவனுக்கு ஆங்கில ஆர் வராது. அந்த ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. நுனியை மடக்கச் சொல்லி வரவில்லை என்பதால், நாக்கின் இரு ஓரத்தையும் மேல் கடைவாய்ப் பல்லில் ஒட்டி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரைமணியில் நான்கு முறை சரியாகச் சொன்னான். எனக்கு அன்று தீபாவளி. அவர் பேனா 'முழு வகுப்பையும் ஈடுபடுத்தினாரா' என்ற கட்டத்திலேயே நின்றுவிட்டது. 'பொருந்தாது' என்று போட இடமில்லை. நடுவாக ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்து போனார்.

இதற்காகத்தான் ஆஷா 'பேஸ்' என்று தனியாக ஒரு முறை செய்தது. பெயரை விரித்தால், பங்களிப்பையும் பயனையும் பார்க்கும் பணி மதிப்பீடு. வேலைச் சான்றுகளைச் சேர்த்த கோப்பு, தன் வேலையைத் தானே எண்ணிப் பார்த்தல், நேரில் பார்வையிடுதல், அப்புறம் ஆசிரியர், பெற்றோர், மாணவர் நிரப்பும் தாள்கள். உங்கள் கையில் இருப்பது அந்தக் கடைசி வகை போலிருக்கிறது. 2015 டிசம்பரில் வந்த புதிய கல்விச் சட்டத்துக்குப் பிறகு, தேர்வு மதிப்பெண்ணைக் கட்டித்தான் மதிப்பிட வேண்டும் என்ற மத்திய அரசின் நெருக்கடி போய்விட்டது. ஆனால் ஊருக்கு ஊர் படிவம் வேறுதான்.

ஆகவே தம்பி, 'செயல்திறன்' மட்டும் வேண்டாம். அது மிக்சிக்கும் மோட்டாருக்கும் போடுகிற சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை

வணக்கம். எங்கள் பக்கத்தில் இது ஓரளவு தீர்ந்த விடயம். இலங்கையில் அரச திணைக்களங்கள் வெளியிடுவது 'செயலாற்றுகை அறிக்கை'. வளங்களை வீணாக்காமல் வேலை செய்வது வினைத்திறன், செய்த வேலையால் நினைத்த பலன் கிடைப்பது விளைதிறன். டல்லாஸ் அம்மாவின் கதையில் நான்கு தரம் ஒலி வந்ததே, அது விளைதிறன். தலைப்புக்குச் 'செயலாற்றுகை மதிப்பீடு' போதும். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்பதே இங்கு வழக்கு.

சென்னையிலிருந்து, வியாழன் காலை

அண்ணா, விளைதிறன் அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஆற்றுகை' என்றதும் எனக்கு டீ ஆற்றுவதுதான் கண்ணில் வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை

தேநீர் ஆற்றுவதும் ஒரு செயல்தான், தம்பி.

நியூ ஜெர்சியிலிருந்து, வியாழன் மாலை

தலைப்பே முடியவில்லை, அதற்குள் இன்னொன்று. தாளின் பின்பக்கத்துக் குறிப்பில் கேஸ்லோடு, ஒர்க்லோடு என்று இரண்டு வருகின்றன. இரண்டுக்குமே கை தானாகப் 'பணிச்சுமை' என்று எழுதுகிறது.

டல்லாஸிலிருந்து, வியாழன் மாலை

இரண்டும் ஒன்றில்லை, எங்கள் வயிற்றெரிச்சலே அதில்தான். கேஸ்லோடு என்பது என் பட்டியலில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒர்க்லோடு அந்தப் பிள்ளைகளால் வரும் மொத்த வேலை: தனிநபர் கல்வித் திட்டக் கூட்டங்கள், அறிக்கைகள், மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான கணக்கு, பேச முடியாத பிள்ளையின் கருவியில் புதுச்சொல் ஏற்றுவது. தலையை மட்டும் எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள் என்று ஆஷா 2002-லிருந்து சொல்லி வருகிறது. எண்ணுவது என்னவோ தலையைத்தான்.

கோவையிலிருந்து, வியாழன் இரவு

தலையை எண்ணுவதற்குத் 'தலைக்கட்டு' என்ற தூய சொல் நம் ஊர்களில் இருக்கிறதே!

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

எங்கள் ஊரில் தலைக்கட்டு என்றால் கோயில் திருவிழா வரி. கல்யாணம் ஆனவன்தான் கணக்கு. இரண்டாம் வகுப்புப் பையன்கள் இன்னும் தலைக்கட்டு ஆகவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து, வெள்ளி இரவு

கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் "அவர் பொறுப்பில் உள்ள பிள்ளைகள்" என்றும் "அவருக்கு உள்ள மொத்த வேலை" என்றும் எழுதினேன். தலைப்புக்கு நாநலருக்கு ஒருவர், திறங்காண்புக்கு ஒருவர், செயலாற்றுகைக்கு ஒன்றரைப் பேர் (சென்னை நண்பர் பாதி மனது). டல்லாஸ் அக்கா எதுவானாலும் சரி, நோய் வேண்டாம் என்றார். கடைசியில் நான் போட்டது: "உங்கள் பிள்ளையின் பேச்சுப் பயிற்றுநர் தம் பணியை எப்படிச் செய்கிறார்? பெற்றோர் கருத்து." புலியும் யானையும் அவரவர் இடத்தில் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் அடுத்த வீட்டு அக்காவிடம் மறுபடி காட்டினேன். உடனே புரிந்துவிட்டது. "டீச்சருக்கே நாம மார்க் போடணுமா?" என்றார். கேள்விகளைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டார். "பாவம், நல்ல பொண்ணு, வேலைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது."

டல்லாஸிலிருந்து, வெள்ளி இரவு

என் பெற்றோர் தாள்களிலும் இதே கதைதான். ஆனால் அந்த ஓரத்தில் எழுதிய "ஆர் இன்னும் வரலை, எஸ் பரவாயில்லை" இருக்கிறதே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பயிற்றுநரிடம் கொடுங்கள். வீட்டில் அம்மாவுக்கு எஸ் கேட்கிறது என்றால் அறைக்குள் வந்த ஒலி வீடு வரைக்கும் போயிருக்கிறது. என் கோப்பில் நான் முதலில் வைப்பது அந்த மாதிரிச் சீட்டைத்தான்.

கோவையிலிருந்து, சனி காலை

எல்லாம் சரி. கலைச்சொல் கேட்டு வந்த இழையில் ஒரு கேள்விக்குறியோடு ஒரு முழு வாக்கியத்தை வைத்துவிட்டுப் போகிறீர்கள். அடுத்த ஆண்டு அதே படிவம் வரும்போது இந்த வாக்கியத்தை எந்த அகராதியில், எந்த எழுத்தின் கீழ் தேடுவது? திறங்காண்புக்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது.

மதுரையிலிருந்து, சனி காலை

'உ'வின் கீழ்.