படகிலிருந்து கொடுவா பிடிக்க எந்த எடை ஜிக், எந்த வகை லூர்?

ஓதநீர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். கரையில் நின்று உயிர் இறாலைக் கோத்துக் கொடுவா பிடித்துவந்த நான், இப்போது சிறு படகில் சென்று லூர் எனப்படும் செயற்கை இரைகளைக் கொண்டு முயல்கிறேன். கழிமுகத்துக்குள் ஆழம் 2 முதல் 4 மீட்டர். வெளியே கடலடிப் பாறைத் திட்டான பாரை ஒட்டி 10 முதல் 12 மீட்டர். என்னிடம் 20 கிராம் ஜிக் தலைகளும் (எடைத் தலை வைத்த தூண்டில் முள்) அவற்றுக்கான ரப்பர் மீன்களும், 60 கிராம் உலோக ஜிக்குகளும் (முள் கோத்த உலோக இரை), சில மினோக்களும் (சிறு மீன் வடிவ லூர்) உள்ளன. நீரோட்டம் வலுக்கும்போது 20 கிராம் தரையையே தொடுவதில்லை. 60 கிராமோ பாரின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்கிறது. எடையை எதை வைத்துத் தீர்மானிப்பது? நிறத்தை எந்த அளவுக்குப் பார்க்க வேண்டும்?

பாரடி:
எடையை முதலில் முடிவு செய்யுங்கள். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தரையைத் தொடுவதை உங்கள் கை உணரக்கூடிய எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ, அதுவே சரியான எடை. தரை தட்டியதும் இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்த நரம்பு (தூண்டில் இழை) சட்டெனத் தொய்யும். அந்தத் தொய்வு தெரியாவிட்டால் எடை போதவில்லை என்று பொருள். நீங்கள் சொல்லும் வெளி ஆழத்துக்கு 30, 40 கிராம் தலைகள் இடையில் இல்லாததுதான் உங்கள் சிக்கல்.

ஆனால் எடையைக் கூட்டுவதற்கு முன்பு, வீசும் திசையை மாற்றிப் பாருங்கள். படகு எந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறதோ அந்தப் பக்கமாகவே முன்னால் வீசினால், படகு வந்து சேர்வதற்குள் ஜிக் இறங்கிவிடும். பின்பக்கம் வீசினால் படகே அதை இழுத்து மேலே தூக்கிவிடும். இறங்கும்போது நரம்பை முழுவதும் தளரவிட வேண்டாம். கொடுவா பெரும்பாலும் இரை இறங்கும் நேரத்தில்தான் கவ்வுகிறது. அப்போது கையில் தெரிவது ஒரே ஒரு சின்னத் தட்டுதான். உலோக ஜிக்கில், அகலமும் குட்டையுமானது துடித்து மெதுவாக இறங்கும். ஒல்லியாக நீண்டது விரைந்து பாயும். பாருக்கு முன்னதே பொருத்தம், அதிலும் அடிப்பக்க முள்ளைக் கழற்றிவிட்டு மேல்பக்கத்தில் ஒற்றை முள்ளை மட்டும் வைத்தால் மாட்டுவது வெகுவாகக் குறையும்.

கண்டல்வேர்:
மேலே சொன்னது பாருக்குச் சரி. ஆனால் 2 மீட்டர் ஆழத்தில் ஜிக்கை நம்புவது வீண் என்பது என் கருத்து. கொடுவா வேர்களுக்கும் கட்டைகளுக்கும் அருகில் ஒளிந்திருந்து பாயும் மீன். அங்கே இழுப்பை நிறுத்தியதும் மூழ்காமலும் மிதக்காமலும் அதே மட்டத்தில் நிற்கும் மினோதான் வேலை செய்யும். கட்டையை ஒட்டி வீசி, இருமுறை சுண்டி, அப்படியே விடுங்கள். பொறுமை இல்லாதவர் அந்த நிறுத்தத்தைக் கெடுத்துவிடுவார். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும்போது, ஓடைவாயில் மடவைக் குஞ்சுகள் நீரோடு வெளியே வரும் நேரம் மிக நல்லது. நீர் அசையாமல் நிற்கும்போது எந்த லூரும் பெரிதாக உதவாது.

நிறத்துக்கு என் வழி எளிது: தெளிந்த நீரில் வெள்ளி அல்லது மடவை நிறம், கலங்கிய நீரில் கறுப்பு அல்லது பொன்னிறம். கலங்கலில் நிறத்தைவிட வாலின் அதிர்வே மீனை அழைக்கும்.

தங்கூசி:
லூரோடு வரும் மெல்லிய மும்முள்ளை நம்பாதீர்கள். பெரிய கொடுவா அதை நிமிர்த்திவிடும். தடித்த கம்பி முள்ளாக மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூடுதல் எடையால் மினோ நிற்காமல் மூழ்கத் தொடங்கலாம், ஆகவே படகோரத்து நீரில் விட்டுப் பார்த்த பிறகே வீசுங்கள். செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போல இருப்பதால், பின்னல் நரம்பின் முனையில் 40 முதல் 60 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசியை (தடித்த ஒற்றை இழையை) ஒரு மீட்டராவது சேர்த்துக் கட்டுங்கள்.

ஓதநீர்:
நன்றி. ஜிக் தலைக்கு இறுக்கிய முடிச்சா, வளைய முடிச்சா?

தங்கூசி:
வளைய முடிச்சு. தடித்த தங்கூசியை இறுக்கிக் கட்டினால் ரப்பர் மீன் விறைத்துப் போகும்; சிறு வளையம் இருந்தால் தலை தாராளமாக ஆடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முதல் ஒரு சாண் தங்கூசியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மீண்டும் கட்டுங்கள்.